மூளை செல்களும் சைட்டோகைன்களும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மூளையில் அழற்சி (கிருமியையோ காயத்தையோ எதிர்த்து உடம்பு காட்டும் கொந்தளிப்பு) என்று தேடினால் ஒன்று வயிற்றைக் கலக்கும் கட்டுரை வரும், இல்லாவிட்டால் மாத்திரை விற்கும் கட்டுரை வரும். இரண்டிலுமே மூளை செல்கள் சைட்டோகைன் தயாரிப்பதே ஒரு கோளாறு என்கிற மாதிரிதான் எழுதியிருப்பார்கள். அது சரியில்லை. எந்தச் செல் தயாரிக்கிறது, எதற்காக, எப்போது அது எல்லை மீறுகிறது என்று பலரும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன். பள்ளி உயிரியல் கொஞ்சம் ஞாபகம் இருந்தால் போதும்.

முதலில், சைட்டோகைன் என்றால் என்ன?

ஒரு செல் மற்ற செல்களுக்குச் சேதி சொல்ல வெளியே விடும் சின்னப் புரதம். அதற்கென்று ஏற்பி வைத்திருக்கும் செல்லுக்கு மட்டும்தான் அந்தச் சேதி புரியும். இன்டர்லூகின்கள், இன்டர்ஃபெரான்கள், டி.என்.எஃப், மற்ற செல்களை ஓர் இடத்துக்கு வரவழைக்கும் கீமோகைன்கள் எல்லாம் இந்தக் கூட்டத்தைச் சேர்ந்தவை. அளவு மிகமிகக் குறைவு, பிக்கோகிராம் கணக்கில் அளப்பார்கள், அதாவது ஒரு கிராமில் லட்சம் கோடியில் ஒரு பங்கு. பெரும்பாலானவை ரத்தத்தில் நெடுநேரம் தாங்காது. பக்கத்தில் இருக்கும் செல்லிடம் சொல்லிவிட்டு மறைந்துவிட வேண்டியதுதான் அவற்றின் வேலை.

மூளைக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்துக்கும் சம்பந்தமில்லை என்றுதானே படித்தோம்?

ஆமாம், நெடுங்காலம் அப்படித்தான் சொல்லிக்கொடுத்தார்கள். காரணமும் இருந்தது. 1948இல் பீட்டர் மெடவார் முயல்களின் மூளைக்குள் வேறு முயலின் தோலை வைத்துப் பார்த்தார். உடம்பின் மற்ற இடங்களில் வைத்தால் சீக்கிரமே நிராகரிக்கப்படும் அந்தத் தோல், மூளைக்குள் தாக்குப்பிடித்தது. இதோடு, ரத்தத்திலிருந்து பல பொருள்களை மூளைக்குள் விடாத ரத்தக்குழாய்ச் சுவர், அதாவது ரத்த-மூளைத் தடுப்பும் சேர்ந்துகொள்ள, மூளை என்பது நோய் எதிர்ப்பு எட்டிப்பார்க்காத தனித் தீவு என்ற எண்ணம் ஊறிப்போய்விட்டது. ஆனால் அதே சோதனையில் இன்னொன்றும் தெரிந்தது, அதைப் பலர் சொல்லாமல் விட்டுவிடுவார்கள்: அந்த முயலுக்கு அதே தோல் ஏற்கெனவே வேறு இடத்தில் அறிமுகமாகியிருந்தால், மூளைக்குள் வைத்ததும் நிராகரிக்கப்பட்டது. ஆக, கதவு சாத்தியிருந்ததே தவிர பூட்டியிருக்கவில்லை. 2015இல் மூளையுறைகளில் நிணநீர்க் குழாய்கள் ஓடுவதை இரண்டு ஆய்வுக் குழுக்கள் எலிகளில் காட்டிய பிறகு தீவுக் கதையைச் சொல்பவர்கள் குறைந்துவிட்டார்கள்.

இந்தப் பக்கத்துக்கு முக்கியமானது வேறு. வெளியிலிருந்து எதுவுமே உள்ளே வராவிட்டாலும், மூளைக்குள் நிரந்தரமாகக் குடியிருக்கும் செல்களே இந்தச் சேதிப் புரதங்களைத் தயாரிக்கின்றன.

சரி, மூளையில் எந்தெந்தச் செல்கள் தயாரிக்கின்றன?

முதல் பெயர் மைக்ரோகிளியா, மூளையின் சொந்தக் காவல் செல்கள். 1919இல் ஸ்பெயின் நாட்டு பீயோ டெல் ரியோ ஒர்டேகா வெள்ளிச் சாயம் ஏற்றி இவற்றைத் தனி இனமாக அடையாளம் காட்டினார். மூளை செல்களில் சுமார் 5 முதல் 10 சதவீதம் இவைதான். நியூரான்களோடு பிறந்தவை அல்ல, கருவளர்ச்சியின் ஆரம்பத்திலேயே கருவின் மஞ்சள்கருப் பையிலிருந்து கிளம்பி மூளைக்குள் குடியேறி, அதற்கப்புறம் அங்கேயே பெருகிக்கொள்பவை. 2010இல் எலிகளில் இது உறுதியானது. இன்டர்லூகின்-1 பீட்டா, டி.என்.எஃப் இரண்டுக்கும் மூளையில் முதல் ஊற்று பெரும்பாலும் இவைதான்.

அடுத்து ஆஸ்ட்ரோசைட்டுகள், நியூரான்களைப் பராமரிக்கும் நட்சத்திர வடிவச் செல்கள். வேடிக்கை என்னவென்றால், வரலாற்றில் முதலில் மாட்டியவை இவைதான். 1982இல் ஆத்ரியானோ ஃபொன்டானாவின் குழு, வளர்ப்புத் தட்டில் இருந்த ஆஸ்ட்ரோசைட்டுகள் இன்டர்லூகின்-1 போன்ற ஒரு பொருளை வெளியிடுவதாக எழுதியது. 1986இல் மைக்ரோகிளியாதான் அதைத் தயாரிக்கிறது என்று வேறொரு குழு காட்டியது. அந்தக் காலத்து ஆஸ்ட்ரோசைட் தட்டுகளில் மைக்ரோகிளியா ஒட்டிக்கொண்டிருப்பது சகஜம், அதனால் எது எதன் வேலை என்ற சண்டை வருடக்கணக்காக ஓடியது. இன்றைய நிலவரப்படி ஆஸ்ட்ரோசைட்டுகள் இன்டர்லூகின்-6, இன்டர்லூகின்-33, சி.சி.எல்2 மாதிரியான கீமோகைன்கள், தேவைப்பட்டால் இன்டர்ஃபெரான் என்று பலவற்றைத் தயாரிக்கின்றன.

மூன்றாவது, பலரும் எதிர்பார்க்காதது: நியூரான்கள். ஃப்ராக்டல்கைன் என்கிற கீமோகைனை மூளையில் தயாரிப்பவை முக்கியமாக நியூரான்கள், அதைக் கேட்கும் ஏற்பி மைக்ரோகிளியாவின் மேல் இருக்கிறது. 'நான் நன்றாக இருக்கிறேன், நீ சும்மா இரு' என்பதுதான் அந்தச் சேதி. ஏற்பியை நீக்கிய எலிகளில் மைக்ரோகிளியா சின்னத் தூண்டுதலுக்கே கொந்தளித்து நியூரான்களைச் சேதப்படுத்துகிறது. அதேபோல இன்டர்லூகின்-34ஐ நியூரான்கள் தயாரிக்கின்றன, மூளையின் பல பகுதிகளில் மைக்ரோகிளியா உயிரோடு இருப்பதே அந்தப் புரதத்தின் தயவில்தான். காவலாளிக்குச் சம்பளம் கொடுப்பது நியூரான் என்றுகூடச் சொல்லலாம்.

இவை தவிர மூளை ரத்தக்குழாய்களின் உள்சுவர் செல்கள், நரம்பு இழைகளுக்கு மயலின் என்ற உறை போடும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகள் ஆகியவையும் இந்தப் பேச்சில் கலந்துகொள்கின்றன.

ஒரு செல் இதை எப்படித் தயாரிக்கிறது? நினைத்த நேரத்தில் விட்டுவிடுமா?

இல்லை. இன்டர்லூகின்-1 பீட்டாவை எடுத்துக்கொள்வோம், கட்டுப்பாடு எவ்வளவு கெடுபிடியானது என்று இதில் நன்றாகத் தெரியும்.

மைக்ரோகிளியாவின் மேற்பரப்பில் டி.எல்.ஆர்4 போன்ற உணர்விகள் இருக்கின்றன. பாக்டீரியாச் சுவரின் துண்டோ, உடைந்த செல்லிலிருந்து சிந்திய பொருளோ அதில் பட்டால் செல்லுக்குள் என்.எஃப்-கப்பா-பி என்ற புரதம் நியூக்ளியஸுக்குள் போய் மரபணுவை இயக்குகிறது. அப்போது தயாராவது முழு இன்டர்லூகின் இல்லை, 31 கிலோடால்டன் (புரதங்களின் எடையை அளக்கும் அலகு) எடையுள்ள ஒரு முன்வடிவம். அது செல்லுக்குள்ளேயே கிடக்கும், ஒரு வேலையும் செய்யாது. வெளியே போக அதில் வழக்கமான ஏற்றுமதி முத்திரைகூடக் கிடையாது.

இரண்டாவது அபாய அறிகுறி வந்தால்தான் கதை நகரும். உதாரணமாக, பக்கத்தில் ஒரு செல் கிழிந்து அதிலிருந்த ஏ.டி.பி வெளியே கொட்டுகிறது. மைக்ரோகிளியாவின் பி2எக்ஸ்7 என்ற வாசல் அதை உணர்ந்து திறக்க, உள்ளேயிருந்த பொட்டாசியம் வெளியே ஓடுகிறது. பொட்டாசியம் குறைந்ததும் என்.எல்.ஆர்.பி.3 என்ற புரதம் மற்ற புரதங்களோடு கூடி இன்ஃப்ளமசோம் என்ற கூட்டமைப்பாகிறது. அது காஸ்பேஸ்-1 என்ற நொதியைக் கூர்மையாக்க, அந்த நொதி 31 கிலோடால்டன் முன்வடிவத்தை வெட்டி 17 கிலோடால்டன் துண்டாக்குகிறது. அந்தத் துண்டுதான் வேலை செய்யும் இன்டர்லூகின்-1 பீட்டா. அதே காஸ்பேஸ்-1 கேஸ்டெர்மின் டி என்ற இன்னொரு புரதத்தையும் வெட்டுகிறது, அது செல்லின் சவ்வில் துளை போடுகிறது, துளை வழியாக இன்டர்லூகின் வெளியேறுகிறது. துளை அதிகமானால் செல்லே வெடித்துச் சாகும்.

இவ்வளவு தாழ்ப்பாள் எதற்கு என்று கேட்டால், வெளியே போனபின் திரும்பப் பெற முடியாத சேதி என்பதால்தான் என்று நினைக்கிறேன். டி.என்.எஃப் கொஞ்சம் வேறு மாதிரி: அது முதலில் செல்லின் சவ்விலேயே ஒட்டிக்கொண்டு நிற்கும், ஏ.டி.ஏ.எம்17 என்ற நொதி வெட்டிவிட்டால் மிதந்து போகும். ஒட்டியிருக்கும் வடிவமும் வேலை செய்யும் என்பதை ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள், மருந்துகள் பற்றிய கேள்வியில் இது தேவைப்படும்.

நோயே இல்லாதபோதும் சுரக்குமா?

சுரக்கும். இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு பதிலைத்தான் படிப்பீர்கள் என்றால் இதைப் படியுங்கள்.

நியூரான் வலைப்பின்னலில் சத்தம், அதாவது மின் துடிப்பு, குறைந்துபோனால், நியூரான்கள் தங்கள் சினாப்ஸ்களின் (இரண்டு நியூரான்கள் பேசிக்கொள்ளும் சந்திப்புகளின்) உணர்திறனை ஏற்றிக்கொள்ளும். 2006இல் டேவிட் ஸ்டெல்வாகனும் ராபர்ட் மலெங்காவும் இது எப்படி நடக்கிறது என்று பார்த்தார்கள். நியூரான்களின் மின் துடிப்பை மருந்து போட்டு நிறுத்தி வைத்தபோது, சுற்றியிருந்த கிளியா செல்கள் (ஆஸ்ட்ரோசைட், மைக்ரோகிளியா போன்ற துணைச் செல்கள்) டி.என்.எஃப்பை வெளிவிட்டன, அதைக் கேட்ட நியூரான்கள் குளுட்டமேட் ஏற்பிகளைக் கூடுதலாக மேற்பரப்புக்குக் கொண்டுவந்தன. டி.என்.எஃப் மரபணு இல்லாத எலியின் கிளியாவோடு சாதாரண நியூரான்களை வளர்த்தால் இது நடக்கவில்லை. மாற்றி, மரபணு இல்லாத நியூரான்களைச் சாதாரண கிளியாவோடு வளர்த்தால் நடந்தது. ஆகவே சேதி சொன்னது கிளியாதான் என்பதில் சந்தேகத்துக்கு இடமில்லை. அங்கே கிருமியும் இல்லை, காயமும் இல்லை. நினைவு, கற்றல் இதற்கெல்லாம் அடியில் இருக்கும் அன்றாடச் சீரமைப்பு வேலைக்கு நோய் எதிர்ப்புப் புத்தகத்தில் இருக்கும் ஒரு புரதம் பயன்படுகிறது, அவ்வளவுதான்.

இன்டர்லூகின்-1 பீட்டாவும் அப்படியே. சினாப்ஸ் வலுப்பெற்று நிலைப்பதற்கு ஞாபகங்களைப் பதியவைக்கும் மூளைப் பகுதியான ஹிப்போகேம்பஸில் அது சிறிதளவு வேண்டும், ஏற்பியை மறித்தால் எலிகளுக்கு ஞாபகம் தங்குவதில்லை. அளவு ஏறினாலும் அதே ஞாபகம் கெடுகிறது. இன்டர்லூகின்-33 இன்னொரு அழகான உதாரணம்: வளரும் மூளையில் ஆஸ்ட்ரோசைட் அதை வெளிவிட, மைக்ரோகிளியா அதைக் கேட்டு வேண்டாத சினாப்ஸ்களை விழுங்குகிறது, 2018இல் வந்த ஆய்வு. வளர்ந்த எலியின் ஹிப்போகேம்பஸில் நியூரானே இன்டர்லூகின்-33ஐ வெளிவிட்டு, சினாப்ஸைச் சுற்றியிருக்கும் புரத வலையை மைக்ரோகிளியாவைக் கொண்டு தளர்த்திக்கொள்கிறது என்று 2020இல் காட்டினார்கள். தூக்கத்திலும் இவற்றுக்குப் பங்குண்டு, இன்டர்லூகின்-1, டி.என்.எஃப் இரண்டும் ஆழ்ந்த தூக்கத்தைக் கூட்டுகின்றன.

ஆகவே 'மூளையில் சைட்டோகைன் கண்டுபிடிக்கப்பட்டது' என்ற செய்தித் தலைப்பில் செய்தியே இல்லை. எவ்வளவு, எங்கே, எவ்வளவு நேரம் என்று சொன்னால்தான் செய்தி.

காய்ச்சல் வந்தால் ஏன் படுத்தே கிடக்கத் தோன்றுகிறது? கிருமி மூளைக்குப் போய்விடுகிறதா?

பெரும்பாலும் கிருமி தொண்டையிலோ குடலிலோதான் இருக்கும், மூளைப் பக்கமே வராது. சேதி மட்டும் போகும். ரத்தத்தில் ஏறும் இன்டர்லூகின்-1, இன்டர்லூகின்-6 மூளை ரத்தக்குழாய்ச் சுவரைத் தட்ட, அந்தச் சுவர் செல்கள் ப்ரோஸ்டாகிளாண்டின் ஈ2 தயாரிக்கின்றன, அது ஹைப்போதலாமஸ் என்ற மூளைப் பகுதியில் உடல் வெப்பத்தின் இலக்கை உயர்த்திவிடுகிறது. ப்ரோஸ்டாகிளாண்டினைத் தடுக்கும் மாத்திரைகள் காய்ச்சலை இறக்குவது இதனால்தான். இன்னொரு பாதை, வயிற்றையும் மூளையையும் இணைக்கும் வேகஸ் நரம்பு. எலிகளில் அந்த நரம்பை வயிற்றுக்கு மேலே வெட்டிவிட்டால், வயிற்றுக்குள் ஊசி போட்ட பாக்டீரியாப் பொருளுக்கு வரவேண்டிய சோர்வு குறைந்துவிடுகிறது.

சேதி கிடைத்ததும் மூளை தன் பங்குக்கு உள்ளேயே சைட்டோகைன்களைத் தயாரிக்க ஆரம்பிக்கிறது. பசியின்மை, யாரோடும் பேசப் பிடிக்காமை, தூக்கம், எதிலும் ஆர்வமின்மை எல்லாம் அதன் விளைவு. 1988இல் பெஞ்சமின் ஹார்ட் என்ற கால்நடை மருத்துவ ஆய்வாளர் இதை உடல் தளர்ந்துபோனதன் அடையாளமாகப் பார்க்கக் கூடாது, கிருமியோடு போராட ஆற்றலைச் சேமிக்கும் ஒழுங்கான நடத்தை என்று வாதிட்டார். எனக்கு அந்த வாதம் இன்றும் சரியாகத்தான் படுகிறது.

வைரஸ் நேராக மூளைக்குள்ளேயே போய்விட்டால்?

அப்போது மூளை செல்களின் சொந்தத் தயாரிப்புதான் முதல் தடுப்பு. இதற்கு மனிதர்களிடமே கிடைத்த ஆதாரம் இருக்கிறது.

ஹெர்பிஸ் சிம்ப்ளெக்ஸ்-1 உலகத்தில் பெரும்பாலானவர்களைத் தொற்றும் வைரஸ், பலருக்கு உதட்டுக் கொப்புளத்தோடு போய்விடும். மிகச் சிலருக்கு மட்டும், பல சமயம் நன்றாக இருந்த குழந்தைகளுக்கு, அது மூளைக்காய்ச்சலாக மாறுகிறது. ஏன் இவர்களுக்கு மட்டும்? ஜான்-லோரான் காசனோவாவின் குழு 2007இல் அப்படிப்பட்ட சில குழந்தைகளிடம் டி.எல்.ஆர்3 என்ற உணர்வியின் மரபணுவில் பிழை இருப்பதைக் கண்டது. அந்தக் குழந்தைகளுக்கு மற்ற தொற்றுகளில் பெரிய சிக்கல் கிடையாது. ஓட்டை மூளைக்குள்தான் இருந்தது. 2012இல் நோயாளிகளின் தோல் செல்லிலிருந்து ஸ்டெம் செல் உண்டாக்கி, அதிலிருந்து நியூரான்களையும் ஒலிகோடென்ட்ரோசைட்டுகளையும் வளர்த்துப் பார்த்தார்கள். வைரஸைப் போட்டதும் அந்தச் செல்கள் தேவையான இன்டர்ஃபெரானைத் தயாரிக்க முடியாமல் வைரஸுக்கு இரையாகின. வெளியிலிருந்து இன்டர்ஃபெரானை ஊற்றியபோது தப்பித்தன. அதாவது, இந்த வைரஸ் விஷயத்தில் மூளையைக் காப்பாற்றுவது ரத்தத்தில் ஓடும் வெள்ளணு மட்டுமல்ல, நியூரானும் தன் பங்கைச் செய்தாக வேண்டும்.

இதைப் படிக்கும்போது ஒரு நடைமுறை விஷயம்: காய்ச்சலோடு குழப்பமான பேச்சு, நடத்தை மாற்றம், வலிப்பு என்று வந்தால் காத்திருக்க வேண்டாம், உடனே அவசர சிகிச்சைக்குப் போக வேண்டும். ஹெர்பிஸ் மூளைக்காய்ச்சலுக்கு அசைக்ளோவிர் என்ற வைரஸ் எதிர்ப்பு மருந்து எவ்வளவு சீக்கிரம் ஏறுகிறதோ அவ்வளவு நல்லது.

அப்படியானால் இன்டர்ஃபெரான் எவ்வளவு அதிகமோ அவ்வளவு நல்லதா?

இல்லவே இல்லை. ஐகார்டி-கூத்தியேர் நோய்க்குறி என்ற அரிய பரம்பரை நோயைப் பாருங்கள், 1984இல் விவரிக்கப்பட்டது. செல்லுக்குள் சேரும் டி.என்.ஏ குப்பையை அகற்றும் நொதிகளில் ஏதோ ஒன்று பெரும்பாலும் வேலை செய்யாது. செல் அந்தக் குப்பையை வைரஸ் என்று நினைத்து இன்டர்ஃபெரானைக் கொட்டிக்கொண்டே இருக்கும். மூளைத் தண்டுவட நீரில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா உயர்ந்திருக்கும், அதைத் தயாரிப்பதில் ஆஸ்ட்ரோசைட்டுகள் முக்கியமானவை. குழந்தைக்கு மூளையில் சுண்ணாம்பு படிவும் வெண்பொருள் சேதமும் உண்டாகும், பிறவியிலேயே வந்த வைரஸ் தொற்றுபோலத் தோன்றும். ஆனால் வைரஸே இருக்காது.

இதற்கு முன்பே, 1998இல், ஆஸ்ட்ரோசைட்டுகள் எப்போதும் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா தயாரிக்கும்படி மாற்றிய எலிகளை ஒரு குழு உருவாக்கியிருந்தது. அந்த எலிகள் மூளையைத் தாக்கும் வைரஸிலிருந்து பிழைத்தன. அதே எலிகளுக்கு வைரஸ் எதுவும் கொடுக்காவிட்டாலும் மூளை சிதைந்தது. ஒரே புரதம், ஒரே எலி, இரண்டு விளைவும்.

மனச்சோர்வு நோய்க்குச் சைட்டோகைன்தான் காரணமா?

சிலருக்கு, ஓரளவுக்கு. வலுவான ஆதாரம் சிகிச்சையிலிருந்து வந்தது. ஹெபடைடிஸ் சி நோய்க்கு முன்பு மாதக்கணக்கில் இன்டர்ஃபெரான் ஆல்ஃபா ஊசி போடுவார்கள், அதைப் போட்டுக்கொண்டவர்களில் கிட்டத்தட்ட மூன்றில் ஒருவருக்கு மனச்சோர்வு வந்தது. 2001இல், தோல் புற்றுநோய்க்காக அதே மருந்தை அதிக அளவில் எடுத்தவர்களுக்கு முன்கூட்டியே பரோக்ஸெட்டின் என்ற மனச்சோர்வு மருந்து கொடுத்தபோது மனச்சோர்வு வெகுவாகக் குறைந்தது. ஆக சைட்டோகைன் மனநிலையை மாற்றும் என்பதில் ஐயமில்லை.

ஆனால் மனச்சோர்வு உள்ள எல்லோருக்கும் சைட்டோகைன் ஏறியிருப்பதில்லை. 2013இல் சார்லஸ் ரெய்சனின் குழு, மருந்துக்கு மசியாத மனச்சோர்வு உள்ள 60 பேரிடம் டி.என்.எஃப்பைத் தடுக்கும் இன்ஃப்ளிக்ஸிமாப்பைச் சோதித்தது. மொத்தமாகப் பார்த்தால் வெறும் உப்புநீர் ஊசியைவிட எந்தப் பலனும் இல்லை. ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் சி-ரியாக்டிவ் புரதம் லிட்டருக்கு 5 மில்லிகிராமுக்கு மேல் இருந்தவர்களைத் தனியே பார்த்தபோது மட்டும் பலன் தெரிந்தது, குறைவாக இருந்தவர்களுக்கோ உப்புநீரே மேலாக இருந்தது. இதைப் படித்துவிட்டு 'மனச்சோர்வு என்பதே அழற்சிதான்' என்று எழுதுபவர்களை நம்பாதீர்கள்.

அல்சைமரில்?

அல்சைமர் மூளையில் சேரும் அமிலாய்டு என்ற புரதப் படிவு மைக்ரோகிளியாவின் என்.எல்.ஆர்.பி.3ஐத் தூண்டும். அமிலாய்டு சேரும்படி மாற்றிய எலிகளில் அந்தப் புரதத்தை நீக்கியபோது ஞாபகம் தப்பித்தது என்று 2013இல் மைக்கேல் ஹெனேகாவின் குழு காட்டியது. கேட்டதும் அழற்சியை அணைத்துவிடலாம் என்று தோன்றும். ஆனால் அதே ஆண்டு வேறொரு தகவலும் வந்தது: மைக்ரோகிளியாவின் மேலிருக்கும் ட்ரெம்2 ஏற்பியில் ஓர் அரிய மாற்றம் உள்ளவர்களுக்கு அல்சைமர் அபாயம் சுமார் இரண்டு முதல் நான்கு மடங்கு ஏறுகிறது. அந்த மாற்றம் ஏற்பியின் வேலையைக் குறைக்கிறது, அதாவது மைக்ரோகிளியா சரியாக வேலை செய்யாவிட்டாலும் ஆபத்து. 2017இல் ஷேன் லிடெலோவும் பென் பாரஸும் காட்டியது இன்னொரு கண்ணி: கொந்தளித்த மைக்ரோகிளியா இன்டர்லூகின்-1 ஆல்ஃபா, டி.என்.எஃப், சி1க்யூ என்ற நோய் எதிர்ப்புப் புரதம் ஆகிய மூன்றையும் சேர்த்து விட்டால் ஆஸ்ட்ரோசைட்டுகள் தங்கள் பராமரிப்பு வேலையை விட்டுவிட்டு நியூரான்களைக் கொல்லும் நிலைக்கு மாறுகின்றன.

அப்புறம் என்ன, தடுக்கும் மருந்தைக் கொடுத்துவிட வேண்டியதுதானே?

கொடுத்துப் பார்த்தார்கள். மயலின் உறை சிதையும் மல்டிபிள் ஸ்கிளிரோசிஸ் நோயில் டி.என்.எஃப் உயர்ந்திருக்கிறது என்று அதைத் தடுக்கும் லெனெர்செப்ட் மருந்தைச் சோதித்தார்கள், முடிவு 1999இல் வெளியானது: மருந்து எடுத்தவர்களுக்கு நோய் அடிக்கடி கிளம்பியது. விளக்கம் பின்னால் கிடைத்தது. டி.என்.எஃப்புக்கு இரண்டு ஏற்பிகள், ஒன்று பெரும்பாலும் சேதத்தின் பக்கம், மற்றது மயலின் உறையைப் புதுப்பிக்கும் செல்களுக்கு உதவும் பக்கம். சவ்வில் ஒட்டியிருக்கும் டி.என்.எஃப் அந்த இரண்டாவதை நன்றாக இயக்கும். மருந்து இரண்டையும் சேர்த்து அடைத்துவிட்டது. மூட்டுவாதத்துக்கு இன்று கொடுக்கும் டி.என்.எஃப் தடுப்பான்களின் எச்சரிக்கைப் பட்டியலில் மயலின் சிதைவு இருப்பது இதனால்தான்.

தசைகளை இயக்கும் நியூரான்கள் அழியும் ஏ.எல்.எஸ் நோய்க்கு, எலிகளில் மைக்ரோகிளியாவை அடக்கிய மினோசைக்ளின் என்ற ஆன்டிபயாட்டிக்கைக் கொடுத்தார்கள், 2007இல் முடிவு: நோயாளிகள் இன்னும் வேகமாகச் சரிந்தார்கள். அல்சைமரைத் தடுக்க நேப்ராக்ஸன், செலகாக்ஸிப் என்ற வலி-அழற்சி மாத்திரைகளைக் கொடுத்த பெரிய சோதனையும் பலன் காட்டவில்லை.

இன்னொரு சிக்கல் மருந்தின் பருமன். ஆன்டிபாடி மருந்துகள் சுமார் 150 கிலோடால்டன், ரத்த-மூளைத் தடுப்பைத் தாண்டுவது சொற்பம். மாற்றியமைத்த டி செல்களைக் கொண்டு புற்றுநோயைத் தாக்கும் கார்-டி சிகிச்சைக்குப் பிறகு வரும் சைட்டோகைன் புயலை, இன்டர்லூகின்-6 ஏற்பியை மறிக்கும் டோசிலிசுமாப் அடக்கிவிடும், ஆனால் அதே சிகிச்சையால் வரும் மூளை பாதிப்புக்கு அது அவ்வளவாகக் கைகொடுப்பதில்லை, அங்கே ஸ்டீராய்டுதான்.

வெற்றியே இல்லையா என்றால், இருக்கிறது. பார்வை நரம்பையும் தண்டுவடத்தையும் தாக்கும் நியூரோமைலிடிஸ் ஆப்டிகா நோய்க்கு இன்டர்லூகின்-6 ஏற்பியை மறிக்கும் சாட்ராலிசுமாப் 2020இல் அனுமதி பெற்றது. அந்த நோயில் இன்டர்லூகின்-6இன் வேலை என்ன என்று தெளிவாகத் தெரிந்திருந்தது, அடிக்க வேண்டிய இடம் பெரும்பாலும் தடுப்புக்கு வெளியே ரத்தத்தில் இருந்தது.

என் ரத்தப் பரிசோதனையில் இன்டர்லூகின்-6 அதிகம். மூளையில் அழற்சி என்று அர்த்தமா?

இல்லை. ரத்தத்தில் இருக்கும் இன்டர்லூகின்-6 கொழுப்புத் திசுவிலிருந்து வந்திருக்கலாம், சாதாரணச் சளியால் வந்திருக்கலாம், முந்தைய நாள் கடுமையாக ஓடியிருந்தால் தசையிலிருந்துகூட வந்திருக்கலாம். மாரத்தான் ஓடி முடித்தவர்களுக்கு அது பல மடங்கு ஏறும், நூறு மடங்குவரைகூட. அடுக்குமாடிக் கட்டடத்தின் பொது மின்மீட்டரைப் பார்த்துவிட்டு மூன்றாவது மாடியில் எந்த அறையில் விளக்கு எரிகிறது என்று சொல்கிற கதைதான் இது. மூளைக்குள் நடப்பதை ஓரளவு நெருங்கிப் பார்க்க முதுகுத்தண்டிலிருந்து நீர் எடுக்க வேண்டும், அதை மருத்துவர் காரணம் இருந்தால்தான் செய்வார். டி.எஸ்.பி.ஓ என்ற புரதத்தைப் பார்க்கும் பெட் ஸ்கேன் ஒன்று ஆய்வுகளில் உண்டு, ஆனால் அந்தப் புரதம் மைக்ரோகிளியாவில் மட்டும் இருப்பதில்லை, தவிர அது சைட்டோகைனை நேரடியாகக் காட்டுவதும் இல்லை.

எம்1 மைக்ரோகிளியா கெட்டது, எம்2 நல்லது என்கிறார்களே?

அழற்சியைக் கூட்டும் வகை எம்1, ஆற்றும் வகை எம்2 என்ற பழைய பாகுபாடு. ஒற்றைச் செல் மரபணு வாசிப்பு வந்தபிறகு, உயிருள்ள மூளையில் மைக்ரோகிளியா இப்படி இரண்டு கட்சியாகப் பிரிந்து நிற்பதில்லை என்று தெரிந்துவிட்டது. மறந்துவிடலாம்.

எந்தச் செல் தயாரித்தது என்று ஆய்வகத்தில் எப்படி உறுதியாகச் சொல்கிறார்கள்?

கஷ்டப்பட்டுத்தான். மூளையிலிருந்து மைக்ரோகிளியாவைப் பிரித்துத் தட்டில் போட்டால் சில மணி நேரத்திலேயே அதன் மரபணு இயக்கம் மாறத் தொடங்கிவிடும், பாவம், வீடு மாறிய அதிர்ச்சி. அதைவிட மோசம் பிரித்தெடுக்கும் முறை. திசுவை 37 டிகிரியில் நொதி போட்டுக் கரைக்கும்போது, அந்தச் சூடும் நொதியுமே மைக்ரோகிளியாவில் டி.என்.எஃப், இன்டர்லூகின்-1 பீட்டா மரபணுக்களைத் தூண்டிவிடுகின்றன. 2022இல் ஒரு குழு இதை விலாவாரியாகக் காட்டி, மரபணு வாசிப்பை நிறுத்தும் வேதிப்பொருளை ஆரம்பத்திலேயே சேர்த்தால் இந்தப் போலிச் சமிக்ஞை மறைந்துவிடுகிறது என்றும் சொன்னது. அதற்கு முன்னால் வந்த சில ஆய்வுகளில் 'அழற்சி நிலை மைக்ரோகிளியா' என்று பெயர் சூட்டப்பட்டவற்றுள் எத்தனை உண்மையில் சோதனைக்குழாயில் பிறந்தவை என்று யோசிக்க வேண்டியிருக்கிறது. அதனால்தான் ஒரு குறிப்பிட்ட செல்லில் மட்டும் மரபணுவை நீக்கிய எலிகளில் கிடைக்கும் முடிவுக்கு அதிக மதிப்பு.

மைக்ரோகிளியாவை அமைதிப்படுத்தும் என்று விற்கும் மாத்திரைகளை வாங்கலாமா?

அட்டையில் 'ஆய்வில் நிரூபிக்கப்பட்டது' என்று இருந்தால் எந்த ஆய்வு என்று தேடிப் பாருங்கள். பெரும்பாலும் பி.வி.2 என்று ஒரு பெயர் கண்ணில் படும். அது 1990இல் எலியின் மைக்ரோகிளியாவை வைரஸ் வழியாகப் புற்றுநோய் மரபணுக்களைப் புகுத்தி, சாகாமல் பெருகும்படி செய்த செல் வரிசை. அதில் பாக்டீரியாச் சுவர்ப் பொருளை ஊற்றி டி.என்.எஃப்பை ஏற்றிவிட்டு, பிறகு மருந்தைப் போட்டால் டி.என்.எஃப் குறைகிறது. தாவரச் சாறுகளில் எத்தனையோ பொருள்கள் இந்தச் சோதனையில் தேறியிருக்கின்றன. விழுங்கிய மாத்திரை குடலையும் கல்லீரலையும் ரத்த-மூளைத் தடுப்பையும் தாண்டி அந்தத் தட்டில் இருந்த அளவுக்கு மூளையில் சேருமா என்பது அந்தச் சோதனையில் கேட்கப்படவே இல்லை. சேர்ந்தாலும், சினாப்ஸ்களைச் சீரமைக்கும் டி.என்.எஃப்பை விட்டுவிட்டு வேண்டாததை மட்டும் குறைக்குமா என்று விற்பவரிடம் கேட்டுப் பாருங்கள். ஏற்கெனவே வேறு மருந்து எடுப்பவராக இருந்தால் மருத்துவரிடம் சொல்லாமல் எதையும் ஆரம்பிக்காதீர்கள், செறிவூட்டிய மூலிகைச் சாறுகளில் சில கல்லீரலையே பாதித்திருக்கின்றன.